மன்னார் மாரியும் மொட்டை டயரும்

மார்கழி மழையில் மன்னார்ப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தோம். மொன்றியலிலிருந்து வந்திருந்த என் தம்பி மகன், "பெரியப்பா, எங்கள் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். இந்த மாரிக்கு உங்கள் காருக்கும் பூட்டினால் என்ன?" என்றான்.

"தம்பி, 7 பாகைக்குக் கீழான குளிரிலும் இறுகாதிருக்கவே அந்த இறப்பரை மென்மையாகச் செய்கிறார்கள். மார்கழியிலும் வழக்கமாக 20 பாகைக்குக் கீழ் இறங்காத மன்னாரில் அது விரைவில் தேய்ந்துவிடும். இங்கே வருவது பனியன்று, வெள்ளம். டயரின் வரிப்பள்ளம் ஆழமாயிருந்தால் நீரை ஒதுக்கித் தரையைப் பற்றும், தேய்ந்திருந்தால் நீர்மேல் மிதந்து வழுக்கும்" என்றேன்.

பள்ளிமுனைப் பெருக்கமரத்தடியில் இறங்கியதும் பையன் குனிந்து பார்த்தான். என் பின் டயர்கள் மொட்டையாயிருந்தன! பாடஞ்சொன்ன ஆசிரியன் தலைகுனிந்தேன். தலைமன்னார்ப் பயணத்தை நிறுத்திவிட்டு, அன்றே புதியவை பூட்டினோம். பனிக்கால டயரல்ல, வழக்கமானவையே.