முள் இறங்கிய மலைப்பாதை

கோடை விடுமுறை வந்துவிட்டால், மதுரை வெயிலில் வாடும் குடும்பங்களின் கண்கள் பழனி மலைத்தொடரை நோக்கித் திரும்புவது இயல்பு. நாங்களும் 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு விடியற்காலையில் கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். என் தாயார், மனைவி, மகள், நான் ஆகிய நால்வரும், தந்தையார் 1995-இல் வாங்கிய மாருதி 800 வண்டியும் அந்தப் பயணத்தில் இருந்தோம். வண்டியையும் குடும்பத்தில் ஒன்றாக எண்ணுவது எங்கள் வீட்டு வழக்கம்.

வத்தலக்குண்டைக் கடந்து காட்ரோட்டில் வலப்புறம் திரும்பியதும் மலை தொடங்குகிறது. கீழே சமவெளி ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் கிடக்கிறது. மேலே கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரத்தில் வீற்றிருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் வளைந்து நெளிந்து செல்லும் பாதையில் ஆறாயிரம் அடி ஏற வேண்டும். வாழையும் மாவும் மெல்லப் பின்தங்க, மஞ்சளாறு அணையின் நீர்ப்பரப்பு காலடியில் கண்ணாடித் துண்டுபோல் மின்னியது. டம்டம் பாறையில் இறங்கி நின்று, 975 அடி உயரத்திலிருந்து விழும் தலையாறு அருவியைப் பார்த்தோம். கோடையில் அது வெள்ளை நூலிழையாய் மெலிந்திருந்தது. “எலிவால் என்று பேர் வைத்தது சரிதான்” என்று மகள் சிரித்தாள்.

அங்கிருந்து ஏறும்போதுதான் சோதனை தொடங்கியது. எங்களுக்கு முன்னால் வண்டிகள் எறும்புச் சாரிபோல் ஊர்ந்தன. முதல் கியரில் பத்து அடி ஏறுவதும் நிற்பதுமாக இருந்தோம். வெப்பமானியின் முள் நடுவிலிருந்து மெல்ல எழுந்து, சூட்டைக் குறிக்கும் முனையை எட்டியது. என் உள்ளங்கை வியர்த்தது. ஒதுங்கி நிற்க இடம் தேடிக்கொண்டே இன்னும் சற்றுத் தூரம் ஏறினேன். அப்போது அந்த முள் சட்டென்று இறங்கிக் குளிர்முனையில் படுத்துவிட்டது.

“அப்பாடா, ஆறிவிட்டது” என்றேன்.

பின்னிருக்கையிலிருந்த என் மனைவி, “முள் இறங்கினால் என்னங்க, வாசனை ஏறுகிறதே! பாகு காய்ச்சுகிற மாதிரி இனிப்பாக ஏதோ மணக்கிறது, வண்டியை நிறுத்துங்கள்” என்றாள். இன்னும் ஒரு வளைவு போகலாம் என்று என் மனம் சொல்லிற்று. ஆயினும் நிறுத்தினேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

சாலையோரத்தில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. நான் பதற்றத்துடன் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியின்மேல் துணியைப் போட்டேன். “தம்பி, மூடியில் கை வைத்துவிடாதீர்கள்!” என்று ஒரு குரல் தடுத்தது. கடை வாசலில் அமர்ந்திருந்த முதியவர் எழுந்து வந்தார். அந்த மலையில் முப்பது ஆண்டுகள் ஜீப் ஓட்டியவராம். “உள்ளே நீர் அழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கிறது. இப்போது திறந்தால் முகத்தில் பாயும். இஞ்சினை அணைத்துவிட்டு அரைமணி நேரம் தேநீர் குடியுங்கள்” என்றார்.

அந்த அரைமணி நேரத்தில் அவர் நடத்திய பாடத்தை வாசக அன்பர்களுக்கும் சொல்வது பயனுடையது என்று கருதுகிறேன்.

“ஐயா, முள்தான் இறங்கிவிட்டதே, பிறகு எப்படிக் கொதித்தது?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “அந்த முள்ளுக்குச் செய்தி அனுப்புகிற சென்சார் நீரில் மூழ்கியிருக்க வேண்டும், தம்பி. நீர் கொதித்து வெளியேறி மட்டம் குறைந்தால் அது வெறும் ஆவியில் நிற்கும். சூட்டைச் சரியாக உணராது. முள் தாழ்ந்துவிடும். இஞ்சினோ அப்போதுதான் அதிகமாகக் காய்கிறது” என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் குலை நடுங்கிற்று. அந்த வண்டியின் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. கடுஞ்சூட்டில் அது வளைந்துவிடும்; கேஸ்கெட்டும் போய்விடும். ஆள் துணையற்ற வளைவில், முதிய தாயாருடனும் சிறு பெண்ணுடனும் நின்றிருப்போம்.

மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. ஆகவே நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் கொடைக்கானலில் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் காத்து, இந்தக் கொதிநிலையை உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் அந்தக் காப்பு இல்லை.

வண்டி ஆறியதும் பெரியவர் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே எழுப்பினார். முள் உண்மை சொல்கிறதா என்பது ஒன்று. விசிறி ஏன் சுற்றவில்லை என்பது மற்றொன்று. கார்புரேட்டர் பொருத்திய அந்தப் பழைய வண்டியில் முள்ளுக்கு ஒரு சென்சாரும், விசிறிக்கு வேறொரு வெப்ப ஸ்விட்சும் உண்டு. ஒன்றின் குற்றத்தை மற்றொன்றின்மேல் சுமத்தக் கூடாது.

முதலில் முள்ளைச் சோதித்தார். சாவியைத் திருப்பி வைக்கச் சொல்லி, சென்சாரின் வயரைக் கழற்றினார். முள் குளிர்முனையில் நின்றது. அதே வயரை இஞ்சினின் இரும்பில் நொடிப்பொழுது தொட்டார். முள் சூட்டு முனைக்கு விரைந்தது. “மீட்டரும் வயரும் நன்றாக உள்ளன. வயரைக் கழற்றிய பின்னும் முள் மேலேயே நின்றால், வயர் எங்கோ உடலில் உரசுகிறது என்று பொருள். பெட்ரோல் முள்ளும் சேர்ந்து தவறு காட்டினால், இரண்டுக்கும் பொதுவான மின்னிணைப்பைப் பாருங்கள்” என்றார்.

அடுத்து விசிறி. ஃபியூஸைப் பார்த்தார்; எரியவில்லை. விசிறி மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, இரண்டு வயர்களால் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தார். விசிறி சடசடவெனச் சுழன்றது. ஆகவே மோட்டார் நலம். பிறகு மோட்டாரைப் பழையபடி இணைத்து, வெப்ப ஸ்விட்சின் இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் சேர்த்தார். மறுபடியும் விசிறி சுழன்றது. அப்போதும் சுழலாதிருந்தால் ரிலேயையும் வயரையும் தேட வேண்டியிருக்கும். “நோயாளி கிடைத்துவிட்டான்” என்றார் பெரியவர். வெப்ப ஸ்விட்ச்தான் உள்ளே செத்திருந்தது.

சமவெளியில் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். விசிறியின் குறை தெரியாது. மலையில் ஊரும்போதுதான் அது வெளிப்பட்டது. விசிறி சுழலவில்லை, நீர் கொதித்து வெளியேறிற்று, சென்சார் வறண்டது, முள் இறங்கியது. ஒரே சங்கிலியின் நான்கு கண்ணிகள்!

மூடியை மெல்லத் திறந்து, இஞ்சினை ஓடவிட்டபடி சிறிது சிறிதாக நீர் வார்த்தோம். காய்ந்த இஞ்சினில் குளிர்ந்த நீரை மொத்தமாகக் கொட்டினால் இரும்பும் அலுமினியமும் வெடிக்கும் என்று எச்சரித்தார். “விசிறி இனி ஓயாமல் சுற்றும். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் இந்தச் சிறு வயரை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும்” என்று கூறி அனுப்பினார். பணம் கொடுக்க முயன்றேன், மறுத்துவிட்டார். தேநீருக்குரிய காசை மட்டும் கடைக்காரர் வாங்கிக்கொண்டார்.

பெருமாள்மலையைக் கடந்து வெள்ளி அருவியை அடைந்தபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. 1863-இல் லெவிஞ்ச் துரை அணைகட்டி உருவாக்கிய கொடைக்கானல் ஏரியின் மிகுதி நீர்தான் அவ்வருவியாய் விழுகிறது. ஏரிக்கும் ஒரு மட்டம் உண்டு. மிகுந்தால் வழிகிறது, குறைந்தால் அருவி ஓய்கிறது. இஞ்சினுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரை திரும்பியதும் வெப்ப ஸ்விட்சையும் மூடியையும் மாற்றி, புதிய கூலண்ட் நிரப்பினோம். மலைக்குப் புறப்படும் முன்பு, ஆறிய வண்டியில் நீர்மட்டத்தைப் பார்ப்பதும், நின்ற இடத்திலேயே இஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு விசிறி தானாகச் சுழல்கிறதா என்று கவனிப்பதும் இப்போது எங்கள் வீட்டு ஒழுங்கு. பத்து நிமிடம் போதும்.

முள் அன்று பொய் சொல்லவில்லை. தன்னைச் சூழ்ந்திருந்ததையே அது சொல்லிற்று. நான்தான் நான் விரும்பிய செய்தியை அதில் வாசித்தேன். வண்டியில் ஒன்று கவலை தருமாறு ஏறி, காரணமின்றி இறங்கினால், அப்போதுதான் நிறுத்த வேண்டும். அதைவிட முக்கியம், பின்னிருக்கையிலிருந்து வரும் குரலைக் கேட்டவுடன் நிறுத்துவது. என் மனைவி அதை இன்றும் நினைவூட்டத் தவறுவதில்லை.