மாதேரான் மலையில் குதிரைமேல் இருந்து ஒரு படம்

மலைவாசஸ்தலம் என்றால் ஊட்டியும் கொடைக்கானலுமே நம்மவர்களின் நினைவுக்கு வருகின்றன. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருக்கும் நமக்கு, காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பத்தக்க மலை ஒன்று அருகிலேயே உண்டு. தாதரிலோ குர்லாவிலோ கர்ஜத் செல்லும் மின்சார ரயிலில் ஏறி நேரலில் இறங்கினால், எதிரே நிற்பது மாதேரான். உயரம் சுமார் 800 மீட்டர். 1850-ல் தாணா கலெக்டராயிருந்த ஹியூ மாலெட் இதைக் "கண்டுபிடித்தார்" என்று எழுதுவது வழக்கம். ஆதிவாசிகள் அதற்கு முன்பே இதை அறிந்திருந்தார்கள்!

மோட்டார் வாகனங்கள் தஸ்தூரி நாகாவோடு நின்றுவிடுகின்றன. 2022 முதல் மின்ரிக்ஷா சில ஓடினாலும், செம்மண் பாதைகளில் காட்சிமுனைகளுக்கு அழைத்துச் செல்கிறவை இன்றும் குதிரைகளே. குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்தபடி கூடவே நடந்து வருவார். அவரே வழிகாட்டி. எந்த மரத்தில் எந்தக் கூட்டம் காலையில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

கூட்டம் என்றது குரங்குகளை. இங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று, குற்றாலத்தில் நம் கையிலிருந்து பழத்தைப் பறிக்கும் அதே நாட்டுக்குரங்கு. தென்னிந்தியாவுக்கே உரிய இது, மேற்கே தபதி ஆற்றுக்கு வடக்கில் காணப்படுவதில்லை. ஆக, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு இது ஊர்க்காரன்தான். மற்றொன்று, கறுத்த முகமும் நீண்ட வாலும் உடைய சாம்பல்நிற மந்தி.

கோடை விடுமுறையில் சென்றால் நாட்டுக்குரங்கின் குட்டிகளைக் காணலாம். தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டு, அது கிளைக்குக் கிளை தாவும்போதும் பிடி விடாமல் தொங்கும். மந்தியின் குட்டியோ பிறக்கும்போது தாயின் நிறத்தில் இராது. கருமை கலந்த பழுப்பாக இருக்கும். அதைக் கூட்டத்திலுள்ள மற்றப் பெண்மந்திகளும் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும். பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டு வேலைக்குச் செல்லும் நம் தாய்மார்களுக்கு இது புதிய காட்சியன்று.

படம் எடுக்கக் குதிரைமேல் இருப்பது நல்லது. நாள்தோறும் குதிரைகளைக் கண்டு பழகிய குரங்குகள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. தரையில் நடந்து நெருங்குகிற மனிதனையே சந்தேகிக்கும். ஆனால் நடக்கிற குதிரையிலிருந்து எடுத்தால் படம் கலங்கிவிடும். குதிரையை நிறுத்தச் சொல்லுங்கள். கேமராவானாலும் செல்போனானாலும் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், குதிரை மிரளும். தாயின் கண்ணை நேராக உற்றுநோக்குவதும், பல் தெரியச் சிரிப்பதும் குரங்குகளின் வழக்கில் மிரட்டல் ஆகும். நாம் அன்பாகச் சிரிக்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

சிலர் பிஸ்கட்டை நீட்டித் தாயை அருகே வரவழைத்துப் படம் எடுக்கிறார்கள். இதைச் செய்யவே கூடாது. இவ்வாறு பழகிய குரங்கு அடுத்து வரும் குழந்தையின் கைப்பையைப் பறிக்கும், தடுத்தால் கடிக்கும். கடியோ கீறலோ பட்டால் அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் வெறிநோய்த் தடுப்பூசிக்குச் செல்லவேண்டும். குட்டிக்கும் கேடு உண்டு: கிளையில் தளிர் தேடக் கற்கவேண்டிய வயதில் அது பாதையோரத்தில் பொட்டலம் பிரிக்கக் கற்கிறது. தவிர, உணவுக்காகக் கை நீட்டும் குரங்கின் படம் எல்லாரிடமும் இருக்கிறது. பத்து நிமிடம் பொறுத்திருந்தால் தாய் குட்டிக்குப் பேன் பார்க்கும். அந்தப் படத்திற்கு ஈடில்லை.

அந்தப் பத்து நிமிடத்திற்கான கூலியையும் ஏறும் முன்பே குதிரைக்காரரிடம் பேசி முடித்துவிடுங்கள். சவாரி எண்ணிக்கையே அவருடைய வருமானம். நாம் நிற்கும் நேரம் அவருக்கு நஷ்டம். மழைக்காலத்தில் பயணிகள் வெகுவாகக் குறைந்துவிடுவார்கள். அம்மாதங்களில் நேரலிலிருந்து ஏறும் சிறு ரயிலும் நிறுத்தப்படும். 1907 முதல் ஓடிவரும் அந்த ரயிலில் செல்ல விரும்புகிறவர்கள் மழைக்கு முன்பே, கூட்டமில்லாத வாரநாள் ஒன்றில் புறப்படுவது நலம்.