ப்ளே

அப்பாவின் மில்லிங் மிஷினிலிருந்து கைச்சக்கரங்களைக் கழற்றியது நான்தான். கோயம்புத்தூரில் சின்னப் பட்டறை. புது சிஎன்சி வாங்க வசதியில்லை. அதனால் மூன்று அச்சுக்கும் ஸ்டெப்பர் மோட்டார் மாட்டி, பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ்சிஎன்சி ஏற்றினேன். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், ஸ்க்ரூ பிட்ச் 5 மி.மீ. ஆக, ஒரு ஸ்டெப்புக்கு 0.025 மி.மீ. கணக்கு சரி.

முதல் ஜாப் ஒரு வட்டம். திசை மாறுகிற நாலு இடத்திலும் படி விழுந்திருந்தது. டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே 0.3 மி.மீ. ப்ளே. அது தீரும்வரை மோட்டார் சும்மா சுற்றுகிறது, டேபிள் நகர்வதில்லை.

"இது எத்தனை வருசமா இருக்குதுங்கப்பா?"

"நீ பள்ளிக்கூடம் போறப்பவே இருந்துது."

"அப்புறம் எப்படி அளவு தப்பாம அடிச்சீங்க?"

"ஒரே பக்கமிருந்துதான் வரோணும் கண்ணு. தாண்டிட்டா, நல்லாப் பின்னால போயி மறுக்கா வரோணும்."

இத்தனை வருசம் பக்கத்தில் நின்றும் நான் அதைக் கவனித்ததில்லை.

கடன் வாங்கி பால் ஸ்க்ரூ மாட்டினேன். வட்டம் வட்டமாக வந்தது. அப்பா விரலால் தடவிப் பார்த்து "நல்லாருக்கு" என்றார். கரண்டை நிறுத்தியதும் டேபிளைக் கையால் தள்ளினார். பழைய ஸ்க்ரூவில் அசையாது. இதில் வழுக்கிக்கொண்டு போனது.

"புடிமானமே இல்லையே."

"கரண்ட் இருந்தா மோட்டார் புடிச்சுக்குமுங்கப்பா."

தலையாட்டினார். கைச்சக்கரங்களை எண்ணெய்த் துணியால் துடைத்து அலமாரியில் வைத்தார். பழைய இரும்புக்காரர் கேட்டபோது, அது விற்கிறதுக்கில்லை என்று நான்தான் சொன்னேன்.