எக்ஸ் போட்ட கதவு

அம்மிணி, வர்ற ஞாயிற்றுக்கிழமை நீ சொட்டு மருந்து முகாமுக்குப் போறதா உங்கப்பன் சொன்னான். அவிநாசி பஸ் ஸ்டாண்டில் அந்த மேசைக்குப் பின்னால் இருபது வருஷம் உட்கார்ந்தவன் நான். ரெண்டு வார்த்தை சொல்லணும்.

மேசை வேலை சுலபம். ஐஸ் பெட்டியிலிருந்து எடுக்கிற குப்பியில் ஒரு வட்டம் ஒட்டியிருக்கும். அதன் நடுவில் இருக்கிற சதுரம் வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. வட்டத்தின் அளவுக்குக் கறுத்துப்போயிருந்தால் சூடுபட்டுக் கெட்டுவிட்டது, தொடாதே. ரெண்டு சொட்டு, இடது சுண்டு விரலில் மை. மை காய்கிற வரைக்கும் அந்தக் குட்டிக் கையை விடாதே. நேரே வாய்க்குத்தான் போகும்.

கஷ்டமெல்லாம் திங்கட்கிழமைதான். வீடு வீடாகப் போவோம். எல்லாப் பிள்ளையும் குடித்திருந்தால் சுவரில் 'பி', ஒன்று விட்டுப்போனாலும் 'எக்ஸ்'.

2009ஆம் வருஷம், திருப்பூர் ரோட்டில் கட்டட வேலைக்கு வந்தவர்களின் தகரக் கொட்டகை. பீகார்க்காரப் பெண் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். நான் எக்ஸ் போட்டு, "படிக்காத சனம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். கூட வந்த கிராம சுகாதாரச் செவிலியர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வேலை விட்ட பிறகு, இந்தி தெரிந்த மில் பையன் ஒருத்தனோடு என்னையும் திரும்பக் கூட்டிப்போனார். சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து, "ஏன் வேண்டாங்கறே?" என்று கேட்டார்.

மருந்து மேல் அவளுக்குக் கோபமே இல்லை. மருந்து கொடுத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது, கூலி போய்விடும். அவ்வளவுதான் அவள் பயம். சொட்டு மருந்தில் காய்ச்சல் வருவது அபூர்வம், வந்தால் எனக்குச் சொல்லியனுப்பு என்று செவிலியர் நிதானமாகச் சொன்னார். அவளே பிள்ளையின் வாயைத் திறந்து பிடித்தாள். பிறகு பக்கத்துக் கொட்டகைகளுக்குக் குரல் கொடுத்தாள். இன்னும் நான்கு பிள்ளைகள் வந்தார்கள்.

அந்த வருஷம் உலகம் முழுக்க 1,604 பேருக்குப் போலியோ. அதில் 741 பேர் நம் நாட்டுப் பிள்ளைகள், பெரும்பாலும் உத்தரப் பிரதேசமும் பீகாரும். தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு நோய் இல்லை. ஆனால் ரயிலில் வருகிற கிருமிக்கு எல்லை தெரியுமா? மேசைக்கு வந்த நூறு பிள்ளையைவிட அந்தக் கொட்டகைப் பிள்ளைக்குத்தான் மருந்து அவசரம். அதைத்தான் நான் விட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட கதை நம்மூர்க் கதை. ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம், எதிர்வீட்டில் அழுகை. மேளச் சத்தத்தோடு போய்விடாமல், அந்த அழுகை எதற்கு என்று நின்று கேட்டார். கதையில் எனக்குப் பெரிசாகப் படுவது அந்த இடந்தான்.

2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்து ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான், இயற்கைக் கிருமியால் நாட்டில் வந்த கடைசிப் போலியோ. 2014 மார்ச் 27 அன்று அந்தக் கிருமி ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. எக்ஸ் போட்ட கதவுகளுக்குத் திரும்பிப் போனவர்கள் வாங்கித் தந்த சான்று அது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் கிருமி இன்னும் இருக்கிறது; அதனால்தான் உன் முறை வந்திருக்கிறது.

திங்கட்கிழமை எக்ஸ் விழுந்த வீடுகளைத் தனியாக எழுதி வைத்துக்கொள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போ, அப்போதுதான் ஆள் இருக்கும். அவர்கள் பாஷை தெரிந்த ஒருத்தரைக் கூட்டிக்கொள். டார்ச் என் அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கோ.