பாதையில் வந்த அம்மா

“அம்மா பாதையில வாறா” என்று சிறுமி ஒருத்தி சொன்னதும் நான் ரோட்டைப் பார்த்தேன். ஒரு ஈ காக்கை இல்லை. அவள் சிரித்துவிட்டாள். “அந்தப் பாதை இல்லை அக்கா.” யாழ்ப்பாணத்தில் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கிடக்கிற சின்னக் கடலைத் தாண்ட வீதி அபிவிருத்தி அதிகார சபை ஒரு மிதவை ஓட்டுகிறது. மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் ஆட்களுமாக அதில் நெருக்கியடித்து நிற்பார்கள். அந்த மிதவைக்குத்தான் இங்கே பாதை என்று பெயர்.

தமிழ் பேசுகிற ஊர்தானே, என்ன கஷ்டம் வந்துவிடப்போகிறது என்று திருநெல்வேலியிலிருந்து கிளம்பியவள் நான். வந்த மறுநாளே, “நீங்கள் கதைக்கிறது படத்தில வாறமாதிரி இருக்கு” என்று பிள்ளைகள் என் தமிழை வைத்து நாடகம் போடத் தொடங்கிவிட்டார்கள். காரைநகரில் திருச்சபை ஒன்று நடத்துகிற சிறுமியர் இல்லம் அது. மாலையில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஒரு மாதம் வந்திருந்தேன். பையில் கலர் பென்சில், பலூன், அதோடு அநாதைப் பிள்ளைகளுக்கென்று பொட்டலம் கட்டி வைத்திருந்த இரக்கம். பலூன் மட்டும்தான் செலவானது. அங்கிருந்த பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். ஏன் இங்கே விட்டார்கள் என்று கேட்கக்கூடாது என்பதை முதல் வாரத்திலேயே படித்துக்கொண்டேன்.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நானே ஆறு வருஷம் போர்டிங்கில் வளர்ந்தவள். எங்கள் ஊர்ப் பக்கத்து டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 1901இலிருந்து பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். பிள்ளைகள் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள். யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தவர் அவர். எங்கள் போர்டிங்கில் அந்த வைராக்கியம் கிடையாது. டிசம்பர் வந்தால் ஸ்பான்சருக்குக் கடிதம். என் ஸ்பான்சர் ஜெர்மனியில் ஒரு அம்மா. போட்டோவில் அவரோடு ஒரு நாயும் இருந்தது. நாயை விசாரித்து எழுது, சந்தோஷப்படுவார்கள் என்பார் வார்டன். ஆறு வருஷமும் விசாரித்தேன். ஊரில் பீடி சுற்றிக்கொண்டிருந்த என் அம்மாவுக்குப் போனது பதினைந்து பைசா கார்டு. நாய்க்குப் போனது வழவழத் தாள்.

அதனால்தான் அந்த நவம்பரில், இல்லத்து மேற்றன் கரும்பலகையில் ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்று மாதிரிக் கடிதம் எழுதிப் போட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எல்லோரும் குனிந்து எழுதினார்கள். எனக்குப் பாதையைச் சொல்லித்தந்த இவள் மட்டும் பேனாவை மூடி வைத்தாள். பன்னிரண்டு வயது.

“எனக்கு அம்மா இருக்கிறா. பிறகு இவவையும் ஏன் அம்மா எண்டு எழுதவேணும்?”

இவளுக்குப் பணம் அனுப்புகிறவர் ஸ்கொட்லாந்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை. கடிதங்களை இங்கிலீஷில் பெயர்ப்பது என் வேலை. “எழுத வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன்.

அன்று ராத்திரி, புட்டும் சொதியும் ஆறிக் கிடக்க, மேற்றனுக்கும் எனக்கும் வாக்குவாதம். நான் சரித்திரத்தை இழுத்தேன். பொன்னாலைப் பாலத்தைத் தாண்டினால் வட்டுக்கோட்டை. 1823இல் அமெரிக்க மிஷன் அங்கே செமினரி தொடங்கியது. படிப்புச் செலவைத் தந்த அமெரிக்கர்களின் பெயரையே பிள்ளைகளுக்குச் சூட்டுவது அந்த மிஷன் பள்ளிகளில் வழக்கம். சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆனார், விசுவநாதபிள்ளை கறோல் ஆனார். தமிழ் இலக்கிய வரலாற்றில் இந்த ஒட்டுப்போட்ட பெயர்களைப் படித்தபோதெல்லாம் எனக்கு ஜெர்மனி நாய்தான் ஞாபகத்துக்கு வரும். பேரையே விலைக்கு வாங்கியிருக்கிறார்கள் என்றேன்.

மேற்றன் வட்டுக்கோட்டைக்காரி. நிதானமாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். “அந்தப் பேரோடதானே ஆர்னோல்ட் ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதினவர்? நீங்கள் ஒரு மாதம் நிண்டுபோட்டுப் போயிடுவீங்கள். மற்றப் பதினொரு மாதமும் ஆர் பாக்கிறது?”

பதில் இல்லை. சொதியைக் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மா வந்தார். எழுவைதீவிலிருந்து படகில் ஊர்காவற்றுறை, அங்கிருந்து பாதை. மழையில் நனைந்த சேலை, கையில் உமல் என்கிற ஓலைப்பை. அதற்குள் பனங்கிழங்கில் செய்த ஒடியல் மாவும், சாக்கில் சுற்றிய நண்டும் மீனும். யாரிடமும் கேட்காமல் சமையலறைக்குள் போனார். கூழ் காய்ச்சப் போகிறாராம். கூழ் என்றால் எனக்கு ஆடி மாசத்துக் கேப்பைக் கூழ், மோரும் வெங்காயமும். விரதச் சாப்பாடாக்கும் என்று ஏமாற்றத்தோடு வாசற்படியில் உட்கார்ந்தேன்.

முதலில் தண்ணீர்ச் சண்டை. இல்லத்துக் கிணறு உவர். நல்ல தண்ணி பவுசரில் வருவது. குடம் எண்ணித்தான் செலவு. இவர் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, துப்பிவிட்டு, நல்ல தண்ணிக் குடத்தைச் சரித்தார். மேற்றன் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. மாவை ஊறவைத்து, கசப்பு இறங்க வடித்து, திரும்ப ஊறவைத்தார். பானையில் நண்டு, மீன், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் கொதித்த பிறகு மாவைக் கரைத்து ஊற்றி, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்தார். பனையோலையை மடித்துப் பிளா கோலிக் கையில் தந்தார். முதல் வாயில் உறைப்பு காதுவரை ஏறியது. மூக்கு ஒழுக, நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே மூன்று பிளா குடித்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் நான் அவர்களுக்குச் செய்த ஒரே உருப்படியான சேவை அந்தச் சிரிப்புதான் என்று நினைக்கிறேன்.

கடித விஷயத்தை யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அம்மாக்காரி என் பக்கம் நிற்பார் என்று நம்பி நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“எழுதடி. அம்மா எண்டே எழுது. எழுதினாப்போல நான் ஆர் எண்டு மாறிப்போகுதே? அவ காசு அனுப்பாட்டி நீ ஒம்பதாம் வகுப்பு எங்க படிக்கிறது?”

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கூழ் பட்ட விரலைப் பாவாடையில் துடைத்து, நான்கு வரி எழுதினாள். அம்மா பானையைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார். கடைசிப் படகு போய்விடும் என்று உமலைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தார். நானும் துறைவரை போனேன். பாதை நகர்ந்ததும் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே அவர் தலை தெரிந்தது; கையாட்டவில்லை.

ராத்திரி பெயர்க்க உட்கார்ந்தேன். ‘அன்புள்ள அம்மாவுக்கு. நான் சுகம். இங்கே மழை. அம்மா வந்து கூழ் காய்ச்சினவ.’ இரண்டு அம்மாவுக்கும் அவள் ஒரே சொல்லைத்தான் போட்டிருந்தாள். ‘டியர்’ என்று எழுதி நிறுத்தினேன். இரண்டாவது அம்மாவுக்கு ‘மதர்’ என்று எழுதினேன். முதல் அம்மாவுக்கு ‘மேடம்’ என்று போட்டு உறையை ஒட்டினேன். மேற்றனிடம் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை.