கட்-ஆஃப் 164

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று யூனியன் அண்ணன்மார் கேட்டதும் பெரிய விஷயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருப் பெண் ஒருத்தி பிளஸ் டூ மார்க் லிஸ்டோடு வந்து, "அண்ணே, எனக்கு வெட்னரி கெடைக்குமா?" என்று கேட்டாள். அதையே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மானூர் பக்கம். சிற்றாற்றுத் தண்ணீர் குளத்துக்கு வந்தால் நெல், வராவிட்டால் ஆடுதான். எங்களிடம் இருப்பவை கன்னி ஆடுகள். கறுத்த உடம்பு, முகத்தில் இரண்டு கோடு. கோடு வெள்ளையென்றால் பால்கன்னி, சிவப்பென்றால் செங்கன்னி. நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு செங்கன்னி ஈன முடியாமல் ராத்திரி முழுக்கக் கத்தியது. குட்டியின் தலை மடங்கிக் கிடந்திருக்கிறது. கை வைக்க அப்பாவுக்குப் பயம். விடிவதற்குள் தாயும் குட்டியும் போய்விட்டன. அப்பா ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாட்டு டாக்டர் ஆசை எனக்கு வந்தது அன்றைக்குத்தான்.

பிளஸ் டூவில் உயிரியல் 84, இயற்பியல் 78, வேதியியல் 82. உயிரியல் முழுசாக, மற்ற ரெண்டும் பாதி பாதியாக. கூட்டினால் 200க்கு 164. கம்ப்யூட்டர் சென்டர் அண்ணாச்சி பார்த்துவிட்டு, "நூத்தித் தொண்ணூறுக்குக் கீழே இருந்தா காசை வீணாக்காதலே" என்றார். நானும் திரும்பி வந்துவிட்டேன். உயிரியல் டீச்சர்தான் திட்டினார்: "ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளிதானே நீ? உன் கணக்கே வேறல்லா!"

அந்தக் கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் 7 கால்நடை மருத்துவக் கல்லூரிகள், 660 இடங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 63 போகும்; அதற்கு நீட் வேண்டும். மிச்சம் 597 இடத்துக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். அதில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 சட்டப்படி 7.5 சதவீதம், அதாவது 45 இடம். நான் பி.சி. 26.5 சதவீதம் போட்டால் 12 இடம் வருகிறது. மாநிலம் முழுக்க எத்தனை பேர் அந்தப் பன்னிரண்டுக்கு! இருந்தாலும் 597ஐப் பார்த்துப் பயந்ததைவிட 12ஐப் பார்த்தபோது தைரியமாக இருந்தது. ஏனென்று கேட்காதீர்கள்.

விண்ணப்பம் போட்டேன். கிடைக்கவில்லை. அரசுப் பள்ளிப் பட்டியலிலேயே என் எண் மூன்று இலக்கம். அதற்குள் பாலிடெக்னிக் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை முடியப் போகிறது என்றார்கள். அப்பா ரெண்டு கிடாயை விற்றுப் பணம் கட்டினார். எலெக்ட்ரிக்கல் எடுத்தேன்.

அந்தப் பெண்ணுக்கு 181. நம்பிக்கையில்லாமல்தான் வந்தாள். "ஊர்க் கட்-ஆஃபைப் பார்க்காதே தாயி, உன் பட்டியலைப் பாரு" என்றேன். இன்னொன்றும் சொன்னேன். அதே பல்கலைக்கழகத்தில் உணவு, கோழியினம், பால் என்று பி.டெக். படிப்புகள் இருக்கின்றன; கணக்கு எடுத்தவர்கள் அதற்கும் போடலாம். நான் ஒரே விண்ணப்பத்தோடு நின்றுவிட்டேன். 164க்கு அங்கே என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதுதான் உறுத்துகிறது.

தினமும் என் பஸ் ராமையன்பட்டியில் நிற்கும். 2012ல் வந்த கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான். வெள்ளைக் கோட்டோடு யாராவது இறங்கினால் நான் மறுபக்க ஜன்னலைப் பார்ப்பேன். போன தையில் எங்கள் ஆடு ஒன்று மறுபடியும் ஈன முடியாமல் திணறியது. இந்தத் தடவை அப்பாவைக் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து அங்கே கொண்டுபோனேன். என் வயதுதான் இருக்கும் ஒரு அக்கா, சார் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மடங்கிய தலையை நேராக்கி இழுத்தார். ரெண்டு குட்டி. ரெண்டும் பிழைத்தன. அப்பா அந்த அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். நான் ஆட்டோவுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் ரெண்டு விண்ணப்பமும் போட்டுவிட்டாள். ரேங்க் இன்னும் வரவில்லை.