இதர வகைக் கூரை

வீடுகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது என் தொழில். இருப்பது ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில். வீடு வாங்குகிறவர்களுக்கு நான் எழுதித் தரும் நாற்பது பக்க அறிக்கையில் கூரையின் வடிவத்துக்கு ஒரே ஒரு வரிதான். அதை அநேகமாக யாரும் படிப்பதில்லை. ஒழுகுகிறதா, இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

அந்த வரிக்கு வேண்டிய சொற்களும் சிலவே. இரு பக்கம் சரிந்து, இரு முனைகளிலும் முக்கோணச் சுவர் நிற்பது ஒரு வகை. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் 'கேபிள்' என்று தொலைக்காட்சிக் கம்பியாகிவிடுகிறது. ஆகவே மனத்துக்குள் இருசாய்ப்பு என்றே சொல்லிக்கொள்கிறேன். நான்கு பக்கமும் சரிந்து, முக்கோணச் சுவரே இல்லாதது 'ஹிப்', எனக்கு நாற்சாய்ப்பு.

ஆனால் வீடு புயலைத் தாங்குமா என்று காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் படிவம் ஒன்று இங்கே உண்டு. அதில் இதே ஒரு வரி பணமாகிவிடுகிறது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃப்ளோரிடாவைத் தாக்கியபோது இத்தகைய முக்கோணச் சுவர்கள் பல பெயர்ந்து விழுந்தன. காற்றுக்கு அந்தச் சுவர் விரித்த பாய்மரம் போல. பின்புறம் குறுக்குச் சட்டங்களால் இறுக்கப்படாதிருந்தால் பெயர்ந்துவிடும். அந்த வழியே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும். நாற்சாய்ப்பில் காற்று எத்திசையிலிருந்து வந்தாலும் சரிவின் மேலேறிக் கடந்துவிடும். அதனால்தான் அதற்குப் பிரீமியத்தில் சலுகை. நிபந்தனை ஒன்றுண்டு: வேறு வடிவங்கள் கூரையின் மொத்தச் சுற்றளவில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 'இதர வகை' என்ற கட்டத்தில் குறியிட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்கு அந்தக் குறியை இட்டேன். பிரதானக் கூரை நாற்சாய்ப்பு. கராஜின் மேல் 12 அடியில் ஒரு முக்கோணம், முன்வாசல் போர்டிகோவின் மேல் 14 அடியில் இன்னொன்று. சுற்றளவு 212 அடி. கணக்கு 12 சதவீதத்துக்குச் சற்று மேலே நின்றது. அன்றைக்கு அது எனக்கு மூன்றாவது வீடு. நல்ல வெயில் வேறு.

இரண்டு மாதம் கழித்து அவர் அழைத்தார். பிரீமியம் அறுநூறு டாலர் கூடியிருந்தது. கோபமில்லை. "இன்னொரு முறை பார்க்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சென்று பரணுக்குள் ஏறினேன். முதல் முறை போர்டிகோ இருக்கும் முனைவரை நான் தவழ்ந்து போகவில்லை. இப்போது போனேன். பிரதானக் கூரையின் சட்டங்கள் அங்கே தடையின்றி இறவாரம்வரை இறங்கியிருந்தன. போர்டிகோவின் கூரை வெளியே இறவாரப் பலகையில் மட்டும் பொருத்தப்பட்டிருந்தது. அடியில் திறந்தவெளி. அப்படிப்பட்ட கூரையைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாதென்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. நூறு முறையாவது படித்த வரி. போர்டிகோவை நீக்கினால் சுற்றளவு 200 அடி, மிஞ்சுவது கராஜின் 12 அடி, ஆக 6 சதவீதம். வீடு நாற்சாய்ப்புத்தான்.

இறங்கி வந்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். திருத்திய படிவத்தை அன்றிரவே அனுப்பினேன், கட்டணம் வாங்கவில்லை. கூடுதலாகக் கட்டிய தொகை அவருக்குத் திரும்பி வந்ததா என்று கேட்கும் துணிவு எனக்கில்லை.

வாசல்வரை வந்தவர் கராஜின் முக்கோணத்தை அண்ணாந்து பார்த்தபடி, "சலுகை இருக்கட்டும், புயல் வந்தால் அது நிற்குமா?" என்றார். மீண்டும் பரணுக்குள் ஏறிப் பார்த்தேன். குறுக்குச் சட்டம் ஒன்றுகூட இல்லை. தச்சரை அழைத்து அடித்துக்கொள்ளச் சொன்னேன். கூரை வடிவத்தைக் கேட்கும் கேள்வியில் அதற்குக் கட்டம் கிடையாது.